நீலச் சட்டையைக் கழற்றிவைத்து சட்டமன்றம் போனவர்கள்

2013 ஏப்ரல் 1. மன்ஹாட்டனில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் நியூயார்க் மாநில செனட்டர் ஒருவர் சாட்சிக் கூண்டில் ஏறினார். பெயர் எரிக் ஆடம்ஸ். செனட்டர் ஆவதற்கு முன்பு 22 ஆண்டுகள் போலீஸ் வேலை பார்த்து, கேப்டனாக ஓய்வு பெற்றவர். தான் வேலை பார்த்த துறைக்கு எதிராகத்தான் அன்று சாட்சி சொல்ல வந்திருந்தார்.

வழக்கு, தெருவில் போகிறவர்களை நிறுத்திச் சோதனை போடும் போலீஸ் பழக்கத்தைப் பற்றியது. 2011-ஆம் ஆண்டில் மட்டும் நியூயார்க் போலீஸ் 6,85,724 முறை ஆட்களை நிறுத்தியிருந்தது. அவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு எந்தக் குற்றமும் இல்லாமல் விட்டனுப்பப்பட்டவர்கள். பெரும்பாலானோர் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள். 2010-இல் ஆளுநர் அலுவலகத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் போலீஸ் கமிஷனர் ரே கெல்லி, இந்த இளைஞர்கள் வீட்டைவிட்டு வெளியே வரும்போதெல்லாம் போலீஸ் பிடிக்கலாம் என்ற பயம் அவர்களுக்கு இருக்க வேண்டும், அதற்காகத்தான் இது என்று தன் காதுபடச் சொன்னதாக ஆடம்ஸ் சாட்சியம் அளித்தார். கெல்லி அதை மறுத்தார். ஆனால் நீதிமன்றத்துக்கு வந்து மறுக்கவில்லை.

ஆகஸ்டில் நீதிபதி ஷீரா ஷைண்ட்லின் தீர்ப்பு சொன்னார்: அந்தப் பழக்கம் நடத்தப்பட்ட விதம் அரசியல் சட்டத்துக்கு விரோதம். ஆடம்ஸின் சாட்சியத்தை ஏன் நம்பினார் என்பதற்கும் காரணம் எழுதினார். கெல்லி நேரில் வராதது ஒன்று. இன்னொன்று, ஆடம்ஸ் அதே துறையில் இருந்தவர் என்பது.

இந்த இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. போலீஸ் வேலையை விட்டு அரசியலுக்கு வருகிறவர் கையோடு கொண்டுவருவது அதிகாரம் இல்லை; அதைத் துறையிலேயே விட்டுவிட்டுத்தான் வருகிறார். அவர் கொண்டுவருவது நம்பகம். ‘இவருக்கு உள்விஷயம் தெரியும், இவரிடம் கதை விட முடியாது’ என்று மற்றவர்கள் நினைக்கிற அந்த ஒன்று. அதை வைத்து என்ன செய்தார்கள், எவ்வளவு தூரம் போக முடிந்தது என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. போய் உட்கார்ந்த நாற்காலியைப் பொறுத்தும் மாறுகிறது.

முதலில் ஒரு சாதாரண விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. அமெரிக்கப் பெருநகரப் போலீஸில் நீண்ட காலமாக 20 ஆண்டு வேலை பார்த்தால் ஓய்வூதியம் என்ற ஏற்பாடு இருந்துவந்திருக்கிறது. இருபதுகளில் சேர்ந்தவர் நாற்பதுகளின் நடுவிலேயே மாதச் சம்பளத்துக்குக் கவலையில்லாமல் வெளியே வந்துவிடலாம். உடம்பில் தெம்பு இருக்கிறது, ஊரில் பெயர் இருக்கிறது, கையில் பென்ஷன் இருக்கிறது. நகர மன்ற உறுப்பினர் வேலைக்குச் சிறிய ஊர்களில் பேருக்குத்தான் சம்பளம். நியூயார்க் மாநில சட்டமன்ற உறுப்பினரின் அடிப்படைச் சம்பளம்கூட 1999 முதல் இருபது ஆண்டுகள் வருடத்துக்கு 79,500 டாலரிலேயே நின்றது. வக்கீல்களும் வியாபாரிகளும் இன்னொரு வருமானத்தை வைத்துக்கொண்டு சமாளிப்பார்கள். ஓய்வுபெற்ற போலீஸ்காரருக்குப் பென்ஷன் இருக்கிறது. ஆடம்ஸ் விலகியபோது வயது 45. இனி பார்க்கப் போகிற டாம் பிராட்லி விலகியபோது 43. இருவரும் இருபது ஆண்டைத் தாண்டிய கையோடு வந்தவர்கள்.

அப்புறம், எந்த அவை எதைச் செய்ய முடியும் என்பது. இந்தியாவில் போலீஸ் என்றால் மாநில அரசு. அமெரிக்காவில் அப்படி இல்லை. நகரத்துக்கு ஒரு போலீஸ், கவுன்டிக்கு (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஷெரிஃப் என்ற தலைவரின் கீழ் ஒரு போலீஸ், மாநிலத்துக்கு ஒரு படை என்று ஏறக்குறைய 18,000 தனித்தனித் துறைகள். நகரப் போலீஸுக்குப் பணம் ஒதுக்குவது நகர மன்றம். ஆனால் எதற்காக ஒருவரைத் தெருவில் நிறுத்தலாம், போலீஸ்காரர் மீதான ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பை யார் பார்க்கலாம் என்பதெல்லாம் பெரும்பாலும் மாநிலச் சட்டம். நியூயார்க்கில் அந்தக் கோப்புகளைப் பூட்டிவைத்தது 1976-இல் மாநிலம் போட்ட ஒரு பிரிவு. அது 2020 ஜூனில் நீக்கப்படும்வரை நகர மன்றத்தில் எத்தனை தீர்மானம் போட்டாலும் அந்தப் பூட்டைத் திறக்க முடியவில்லை. ஆகவே போலீஸை மாற்ற வேண்டும் என்று அரசியலுக்கு வருகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, சாவி எந்த மாடியில் இருக்கிறது என்பது.

சாவி இல்லாத மாடியில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவர் பிராட்லி.

டெக்சாஸில் குத்தகை விவசாயக் குடும்பத்தில் 1917-இல் பிறந்தவர். சின்ன வயதிலேயே குடும்பம் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தது. ஓட்டப்பந்தய வீரராகப் பல்கலைக்கழகம் போனார். 1940-இல் படிப்பை விட்டுவிட்டு லாஸ் ஏஞ்சலஸ் போலீஸில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் கறுப்பினப் போலீஸ்காரருக்கு அங்கே போட்டுத் தரப்பட்ட வேலைகள் இரண்டே: கறுப்பினத்தவர் அதிகம் வாழ்ந்த நியூட்டன் பிரிவில் ரோந்து, அல்லது நகர மையத்தில் போக்குவரத்து. வெள்ளையர் ஒருவரோடு ஒரே ரோந்துக் காரில் உட்கார முடியாது. பிராட்லி லெப்டினன்ட் வரை போனார். அதற்கு முன் எந்தக் கறுப்பினத்தவரும் அந்தத் துறையில் அதற்கு மேலே போனதில்லை. ரோந்துக் கார்களில் இரண்டு இனத்தவரையும் சேர்த்து அனுப்பிப் பார்க்கவும் முயன்றார். ஒத்துக்கொண்ட வெள்ளைக்காரப் போலீஸாரைச் சக போலீஸாரே கேலி செய்து பின்வாங்க வைத்தார்கள். இரவுப் பள்ளியில் சட்டம் படித்து 1956-இல் வழக்கறிஞரானார். 1961-இல் வேலையை விட்டார்.

அதே ஆண்டு பத்தாவது வார்டில் நகர மன்ற இடம் காலியானது. பிராட்லியை நியமிக்கச் சொல்லி அந்தப் பகுதி மக்கள் கேட்டார்கள். மன்றம் வேறொருவரை நியமித்தது. 1963 தேர்தலில் அவரையே தோற்கடித்து பிராட்லி உள்ளே வந்தார். கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக இல்லாத வார்டு அது. யூத, ஜப்பானிய அமெரிக்க, வெள்ளையின மிதவாத வாக்குகளைச் சேர்த்துப் பெற்ற வெற்றி. பிற்பாடு அவர் மேயரானதற்கும் இதே கூட்டுத்தான் அடித்தளம்.

அவர் நகர மன்ற உறுப்பினராக இருந்த பத்து ஆண்டில் நடந்த பெரிய சம்பவம் 1965 ஆகஸ்ட் வாட்ஸ் கலவரம். ஆறு நாள், 34 சாவு. போலீஸ் தலைவர் வில்லியம் பார்க்கரை மன்றத்தில் நேருக்கு நேர் கேள்வி கேட்டவர்களில் பிராட்லி முக்கியமானவர். தன் பழைய மேலதிகாரியை, இருபது ஆண்டு உள்ளே இருந்து பார்த்ததை வைத்துக்கொண்டு கேட்டார். ஆனால் கேட்கத்தான் முடிந்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகர சாசனம் போலீஸ் தலைவருக்கு அரசுப் பணியாளர் பாதுகாப்பைக் கொடுத்திருந்தது. ஊழல் அரசியல்வாதிகளின் கையில் போலீஸ் சிக்கக்கூடாது என்று 1930-களில் நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடு. விளைவு, தகுந்த காரணத்தை விசாரணையில் நிரூபிக்காமல் தலைவரை மேயராலும் அசைக்க முடியாது, மன்றத்தாலும் முடியாது. அரசியல்வாதியிடமிருந்து போலீஸைக் காப்பாற்றப் போட்ட வேலி, மக்கள் பிரதிநிதியிடமிருந்தும் காப்பாற்றியது.

1969-இல் மேயர் பதவிக்கு நின்றார். முதல் சுற்றில் அவருக்கு 42 சதவீதம், பதவியில் இருந்த சாம் யோர்ட்டிக்கு 26. இரண்டாம் சுற்றுக்கு யோர்ட்டி எடுத்த ஆயுதம், பிராட்லி போலீஸுக்கு எதிரி, தீவிரவாதிகளின் ஆள், இவர் வந்தால் போலீஸ்காரர்கள் கூட்டமாக ராஜினாமா செய்துவிடுவார்கள் என்பது. இருபத்தோரு ஆண்டு போலீஸ் வேலை பார்த்தவரைப் பற்றி, ஒரு நாளும் அந்தச் சட்டை போடாதவர் சொன்னது. எடுபட்டது, பிராட்லி தோற்றார். நான் மேலே சொன்ன நம்பகம் எல்லா இடத்திலும் செல்லுபடியாகும் நாணயம் இல்லை என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம். நீதிபதி முன்னால் செல்லும். பயந்துபோன வாக்காளர் முன்னால் நிறத்தைப் பார்த்துத்தான் செல்லுமா செல்லாதா என்று முடிவாகும்.

நான்கு ஆண்டு கழித்து யோர்ட்டியையே தோற்கடித்து மேயரானார். தொடர்ந்து ஐந்து முறை, 1993 வரை இருந்தார். நடுவில் 1982-இல் மாநில ஆளுநர் பதவிக்குப் போட்டி. வாக்குச்சாவடியில் எடுத்த கணிப்புகள் ஜெயிப்பார் என்றன. சில பத்திரிகைகள் அச்சிலேயே ஏற்றிவிட்டன. ஆனால் தபால் வாக்குகளை எண்ணி முடித்தபோது ஜார்ஜ் டியூக்மேஜியன் ஏறக்குறைய 93,000 வாக்கில் வென்றிருந்தார். கறுப்பின வேட்பாளருக்குப் போடுவேன் என்று கணிப்பாளரிடம் சொல்லிவிட்டுப் போடாமல் விடுகிறார்கள் என்ற விளக்கத்துக்கு ‘பிராட்லி விளைவு’ என்று பெயரே வைத்தார்கள். அதே நாளில் கைத்துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றிய ஒரு பொதுவாக்கெடுப்பும் நடந்தது, பிராட்லி கட்டுப்பாட்டை ஆதரித்தார், துப்பாக்கி வைத்திருப்போர் அதை எதிர்க்கத் திரண்டு வந்தார்கள் என்பதை இந்த விளக்கம் சொல்கிறவர்கள் பல சமயம் விட்டுவிடுகிறார்கள். துப்பாக்கியைக் கையில் வைத்து இருபது ஆண்டு வேலை பார்த்தவர், துப்பாக்கி குறைய வேண்டும் என்று சொன்னதற்கு ஒரு விலை இருந்தது.

அந்தச் சாவி? அது கிடைக்க 1992 ஆக வேண்டியிருந்தது. 1991 மார்ச்சில் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ்காரர்கள் அடித்ததை ஒருவர் வீடியோ எடுத்தார், உலகமே பார்த்தது. மேயர் பிராட்லி, போலீஸ் தலைவர் டேரில் கேட்ஸைப் பதவி விலகச் சொன்னார். கேட்ஸ் மாட்டேன் என்றார், மேயரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரே நகரத்தின் மேயரும் போலீஸ் தலைவரும் ஓராண்டுக்கு மேல் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளவே இல்லை. 1992 ஏப்ரல் கலவரம் வெடித்தபோதும் அந்த நிலைதான். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதற்குப் பிறகு ஜூனில் சாசனத் திருத்தத்தை மக்கள் வாக்களித்து நிறைவேற்றினார்கள்: போலீஸ் தலைவருக்கு ஐந்து ஆண்டுப் பதவிக்காலம், ஒரு முறை மட்டுமே நீட்டிப்பு. 1963-இல் மன்றத்துக்கு வந்த முன்னாள் லெப்டினன்ட் இதைப் பார்க்க 29 ஆண்டு ஆனது. பார்த்த மறு ஆண்டே ஓய்வு பெற்றார்.

நியூயார்க்கில் கதை வேறு மாதிரி. அங்கே போலீஸிலிருந்து அரசியலுக்கு வருவதற்கு ஒரு தனிப் பாதையே இருந்தது: துறைக்குள்ளேயே இருந்த இனவாரிச் சங்கங்கள். பெரிய போலீஸ் தொழிற்சங்கம் எப்போதும் துறைக்கு வக்காலத்து வாங்கும். கறுப்பின, லத்தீன் போலீஸாரின் சிறிய சங்கங்களோ பதவி உயர்வு, பாகுபாடு, தெருவில் நடக்கும் அத்துமீறல் என்று பேசும். பத்திரிகையாளர் தேடும்போது, சீருடையில் இருந்துகொண்டே துறையை விமர்சிக்கும் ஆள் இங்கேதான் கிடைப்பார். டிவியில் பேசிப் பழகுவதும் இங்கேதான். ஆடம்ஸ் 1995-இல் இப்படி ஒரு கறுப்பினப் போலீஸார் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். பதினைந்து வயதில் நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் ஒரு காவல் நிலைய அடித்தளத்தில் தன்னையும் அண்ணனையும் போலீஸ் உதைத்ததை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். உள்ளே போய் மாற்று என்று ஹெர்பர்ட் டாட்ரி என்ற போதகர் சொல்லித்தான் 1984-இல் சேர்ந்தாராம். லத்தீன் போலீஸார் சங்கத்தில் அதே காலத்தில் குரல் கொடுத்தவர் ஹைரம் மான்செராட்டே.

மான்செராட்டேயின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். உள்ளூர் மன்றம், மாநில மன்றம் இரண்டிலும் இருந்தவர் என்பதோடு, இரண்டிலும் எங்கே கால் வழுக்கும் என்பதையும் அவர் வாழ்க்கை காட்டுகிறது. கடற்படைக் காலாட்படையில் இருந்துவிட்டு, நியூயார்க் போலீஸில் 12 ஆண்டு. 2001-இல் குவீன்ஸிலிருந்து நகர மன்றத்துக்குத் தேர்வானார். குவீன்ஸில் லத்தீன் இனத்தவர் ஒருவர் அப்படி வென்றது அதுதான் முதல் முறை. 2008-இல் மாநில செனட்.

பதவி ஏற்கும் முன்பே, 2008 டிசம்பரில், தன் தோழியைக் கண்ணாடித் துண்டால் முகத்தில் காயப்படுத்தியதாகக் கைதானார். வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் மாநிலத் தலைநகர் அல்பனியில் அந்தக் கூத்து. ஜனநாயகக் கட்சிக்கு செனட்டில் 32, குடியரசுக் கட்சிக்கு 30. 2009 ஜூன் 8 அன்று மான்செராட்டேயும் இன்னொரு ஜனநாயகக் கட்சி செனட்டர் பெட்ரோ எஸ்படாவும் குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்ந்தார்கள், ஆட்சி கவிழ்ந்தது. ஒரு வாரத்தில் மான்செராட்டே திரும்பி வந்தார். இப்போது 31-க்கு 31. சமநிலையில் வாக்களிக்க வேண்டிய துணை ஆளுநர் பதவி காலி. ஏனென்றால் ஆளுநர் எலியட் ஸ்பிட்சர் விலகியபோது துணை ஆளுநராக இருந்த டேவிட் பேட்டர்சன்தான் ஆளுநராகியிருந்தார். ஒரு மாதம் செனட் ஸ்தம்பித்தது. கடைசியில் எஸ்படாவும் திரும்பினார், பெரும்பான்மைக் கட்சித் தலைவர் பதவியோடு.

அக்டோபரில் தீர்ப்பு. பெரிய குற்றச்சாட்டிலிருந்து விடுதலை. சிறு குற்றமான கவனக்குறைவான தாக்குதல் மட்டும் நிரூபணம். இந்த வித்தியாசம் சும்மா இல்லை. நியூயார்க் சட்டப்படி பெருங்குற்றத்தில் தண்டனை என்றால் பதவி தானாகவே போய்விடும். சிறு குற்றம் என்றால் போகாது. ஆகவே செனட்டே உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியதாயிற்று. 2010 பிப்ரவரி 9 அன்று 53-க்கு 8 என்ற வாக்கில் அவரை வெளியேற்றினார்கள். கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டில் அந்தச் சட்டமன்றம் ஒரு உறுப்பினரை வெளியேற்றியது அதுதான் முதல் முறை. அதற்கு முன் 1920-இல் ஐந்து சோஷலிஸ்டுகளை அனுப்பியிருந்தார்கள். இடைத்தேர்தலில் நின்றார், தோற்றார்.

பிறகுதான் பழைய நகர மன்றக் கணக்கு வெளியே வந்தது. நியூயார்க் நகர மன்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தன் விருப்பப்படி உள்ளூர்த் தொண்டு அமைப்புகளுக்கு ஒதுக்க ஒரு தொகை உண்டு. முதியோர் மையம், விளையாட்டுக் குழு என்று போக வேண்டிய பணம். மான்செராட்டே ஒதுக்கியதில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் ஒரு அமைப்பு வழியாகத் தன் 2006 தேர்தல் வேலைக்கே திருப்பிவிடப்பட்டது என்று கூட்டாட்சி வழக்கு வந்தது. 2012-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இரண்டு ஆண்டுச் சிறை. சட்டம் போடுவதில் உள்ளூர் உறுப்பினருக்கு அதிகாரம் குறைவு; பணம் பிரித்துக் கொடுப்பதில் இருக்கிறது. உள்ளூர் மன்றத்தில் ஆசை காட்டுவது மசோதா அல்ல, இந்த ஒதுக்கீடு. போலீஸ்காரராக இருந்து குற்றத்தின் வாசனை தெரிந்தவர் என்பது இங்கே எந்தக் காப்பும் தரவில்லை. வெளியே வந்தபின் மறுபடி மறுபடி தேர்தலில் நின்றார். ஊழல் குற்றவாளிகள் நகரப் பதவிக்கு நிற்கக்கூடாது என்று 2021-இல் நகர மன்றம் சட்டமே போட்டது. அந்த ஆண்டு வாக்குச்சீட்டிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது.

ஆடம்ஸ் அதே செனட்டில், அதே குழப்ப காலத்தில், வேறொரு காரியம் செய்துகொண்டிருந்தார். (அவரும் அப்பழுக்கில்லாதவர் என்று சொல்ல வரவில்லை. சூதாட்டம், பந்தயம் பற்றிய குழுவுக்குத் தலைவராக இருந்தபோது, அக்விடக்ட் பந்தய மைதானத்தில் சூதாட்ட இயந்திரங்கள் வைக்கும் ஒப்பந்த விவகாரத்தில் மாநிலத் தலைமை ஆய்வாளரின் அறிக்கை அவரையும் கடிந்துகொண்டது.) நிறுத்திச் சோதனையிடும்போது போலீஸ் எழுதிக்கொள்ளும் பெயர், முகவரி எல்லாம் கணினியில் ஏறி அங்கேயே கிடந்தன. தப்பே செய்யாதவர் என்று விட்டனுப்பப்பட்டவரின் பெயரும் சேர்த்துத்தான். பின்னால் ஏதாவது குற்றம் நடந்தால் அந்தப் பட்டியலில் தேடலாம் என்பது போலீஸின் வாதம். ஒரு மேலதிகாரியாக இருந்தவருக்கு அந்தப் படிவம் எப்படி நிரப்பப்படுகிறது, எதற்காக நிரப்பப்படுகிறது என்று தெரியும்.

இங்கேதான் மாடி விஷயம் வருகிறது. போலீஸ் நகரத்துடையது, கணினியும் நகரத்துடையது. ஆனால் ஒருவரைத் தெருவில் நிறுத்தும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது? மாநிலக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 140.50 பிரிவிலிருந்து. கொடுத்தவரே நிபந்தனையும் போடலாம் இல்லையா? அந்தப் பிரிவில் ஒரு உட்பிரிவு சேர்த்தார்கள்: சம்மனோ கைதோ இல்லாமல் விடப்பட்டவரின் அடையாள விவரங்களைக் கணினித் தரவில் வைத்திருக்கக் கூடாது. செனட்டில் ஆடம்ஸ் கொண்டுவந்தார். சட்டமன்றத்தின் கீழவையான அசெம்பிளியில் ஹக்கீம் ஜெஃப்ரீஸ், பின்னாளில் நாடாளுமன்றத்தில் ஜனநாயகக் கட்சித் தலைவரானவர். மேயர் ப்ளூம்பர்க்கும் கமிஷனர் கெல்லியும் கடுமையாக எதிர்த்தார்கள். ஆளுநர் கையெழுத்துப் போடக் கூடாது என்று வாதாட கெல்லி வந்த கூட்டம்தான், மூன்று ஆண்டு கழித்து ஆடம்ஸ் சாட்சிக் கூண்டில் விவரித்த கூட்டம். பேட்டர்சன் 2010 ஜூலையில் கையெழுத்துப் போட்டார். ஒரு பத்தி நீளம்கூட இல்லாத உட்பிரிவு. நகர மன்றத்தில் பத்து ஆண்டு கத்தியும் பிராட்லிக்குக் கிடைக்காதது, சரியான மாடியில் நின்றவருக்கு நான்கு ஆண்டுக்குள் கிடைத்தது.

சீருடை போட்டவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் வாக்களிப்பார்கள் என்று நினைக்கவும் கூடாது. 2009 டிசம்பரில் ஒருபாலினத் திருமண மசோதா செனட்டில் 24-க்கு 38 என்று தோற்றது. ஆடம்ஸ் ஆதரித்து வாக்களித்தார், மான்செராட்டே எதிர்த்து. நாட்டின் மறுகோடியில் கலிபோர்னியாவில் டாம் லாக்கி நெடுஞ்சாலை ரோந்துப் போலீஸில் 28 ஆண்டு இருந்துவிட்டு பாம்டேல் நகர மன்றம், அங்கிருந்து 2014-இல் மாநில அசெம்பிளி போனவர், குடியரசுக் கட்சி. கஞ்சா போதையில் வண்டி ஓட்டியவர்களைப் பிடித்த அவரே 2015-இல் மருத்துவக் கஞ்சாவை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை மற்றவர்களோடு சேர்ந்து எழுதினார். அதே 2014-இல் சாக்ரமெண்டோ பக்கம் ஒரு தொகுதியில் கடைசிச் சுற்றுக்கு வந்த இருவருமே ஓய்வுபெற்ற போலீஸ் கேப்டன்கள், இருவருமே ஜனநாயகக் கட்சி, இருவருமே உள்ளூர் மன்ற உறுப்பினர்கள். வென்ற ஜிம் கூப்பர், பூட்டிய செல்பேசியைத் திறக்க முடியாதபடி விற்றால் போனுக்கு 2,500 டாலர் அபராதம் என்று 2016-இல் ஒரு மசோதா கொண்டுவந்தார். துப்பறிவாளர் மேஜையிலிருந்து நேராக எழுந்து வந்த மசோதா அது, குழுவிலேயே செத்தது. எட்டு ஆண்டு சட்டமன்றத்தில் இருந்துவிட்டு 2022-இல் தேர்தலில் நின்று கவுன்டி ஷெரிஃப் ஆனார். சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டார் என்றே சொல்லலாம். அவரைப் பொறுத்தவரை அசெம்பிளி நடுவில் வந்த ஒரு பணியிடம்தான் போலிருக்கிறது.

சரி, ஆடம்ஸ். செனட்டுக்குப் பிறகு 2014 முதல் புரூக்ளின் பரோ தலைவர் (பரோ என்பது நியூயார்க் நகரின் ஐந்து பெரும் பகுதிகளில் ஒன்று). மன்றத்தில் வாக்கு இல்லாத, பெயர் பெரிய, அதிகாரம் சிறிய பதவி. 2021-இல் மேயர் தேர்தல். கட்சிக்குள் நடந்த முதல்நிலைத் தேர்தலில் ஏழாயிரத்துச் சொச்சம் வாக்கு வித்தியாசத்தில் தப்பித்து வந்தார். குற்றம் கூடிவிட்டது என்று நகரம் பயந்திருந்த நேரம். போலீஸ் அடியையும் வாங்கியவன், போலீஸ் வேலையையும் பார்த்தவன் என்று சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரே வேட்பாளர். 1969-இல் பிராட்லிக்கு எதிராகத் திரும்பிய அதே பின்புலம் இவருக்குக் கைகொடுத்தது.

மேயரானதும் 2020-இல் கலைக்கப்பட்ட குற்றத் தடுப்புப் பிரிவை வேறு பெயரில், மாற்றிய சீருடையில் திரும்பக் கொண்டுவந்தார். அவர் மாறிவிட்டார் என்று பழைய கூட்டாளிகள் சொன்னார்கள். அவர் எப்போதுமே சோதனையிடும் முறையே கூடாது என்று சொன்னதில்லை, அதைத் தவறாகப் பயன்படுத்துவதைத்தான் எதிர்த்தார் என்பதும் உண்மை. எனக்கு என்னவோ, செனட்டர் என்றால் போலீஸை வெளியிலிருந்து பார்க்கலாம், மேயர் என்றால் போலீஸ் தன்னுடைய துறை ஆகிவிடுகிறது என்பதுதான் பெரிய காரணமாகத் தெரிகிறது. எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோமோ அங்கிருந்துதான் தெரு தெரியும்.

2023 டிசம்பரில் நகர மன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. அதுவரை ஒருவரைச் சந்தேகத்தின் பேரில் நிறுத்தினால்தான் போலீஸ் பதிவு எழுத வேண்டும். சும்மா நிறுத்திக் கேள்வி கேட்பதற்குக் கணக்கு இல்லை. விசாரணைக்காக அப்படிக் கேட்பதையும், ஆளின் இனம், ஏறக்குறைய வயது, காரணத்தோடு எழுத வேண்டும் என்றது புதிய சட்டம். அப்பாவிகளின் பெயரைக் கணினியிலிருந்து அழிக்கச் சட்டம் கொண்டுவந்தவர், போலீஸின் நடத்தையைக் கணக்கெடுக்கும் இந்தச் சட்டத்தை 2024 ஜனவரி 19 அன்று வீட்டோ செய்தார். எழுதுவதற்கே போலீஸுக்கு நேரம் போய்விடும் என்றார். படிவம் நிரப்பிய அனுபவம் இந்த முறை வேறு பக்கம் நின்று பேசியது.

வீட்டோவை ஆதரிக்கச் செய்வதற்காக மன்ற உறுப்பினர்களைப் போலீஸ் காரில் ஒரு இரவு ரோந்துக்கு அழைத்தார். அதற்கு முந்தின நாள் இரவு, கறுப்புக் கண்ணாடி ஒட்டிய காரில் குடும்பத்தோடு போய்க்கொண்டிருந்த ஒருவரைப் போலீஸ் நிறுத்தியது. அவர் யூசெஃப் சலாம், மன்றத்தின் பொதுப் பாதுகாப்புக் குழுத் தலைவர். 1989-இல் சென்ட்ரல் பார்க் வழக்கில் 15 வயதில் கைதாகி, ஏறக்குறைய ஏழு ஆண்டு சிறையில் இருந்து, 2002-இல் குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்டவர். தான் மன்ற உறுப்பினர் என்று சொன்னதும் ஏன் நிறுத்தினோம் என்றுகூடச் சொல்லாமல் போலீஸ்காரர் அவரை விட்டனுப்பினார். சலாம் மறுநாள் ரோந்துக்குப் போகவில்லை. ஜனவரி 30 அன்று மன்றம் 42-க்கு 9 என்று வீட்டோவைத் தள்ளுபடி செய்தது.

அந்த ஆண்டு செப்டம்பரில் ஆடம்ஸ் மீது கூட்டாட்சி ஊழல் குற்றச்சாட்டு வந்தது. நீதித்துறை அமைச்சகமே கைவிடக் கேட்டு, 2025 ஏப்ரலில் நீதிபதி தள்ளுபடி செய்தார். செப்டம்பரில் மறுதேர்தல் போட்டியிலிருந்து விலகினார். நவம்பரில் ஜோரான் மம்தானி வென்றார். பிரிவு 140.50-இல் 2010-இல் சேர்த்த நான்காவது உட்பிரிவு மட்டும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அதில் யார் பெயரும் இல்லை.